செய்து பார்! கம்ப்யூட்டர் விளையாட்டில் 'கிராஃப்டிங்'



"எப்பப் பாரு கேம்ஸ்தானா?" என்று திட்டு விழாத வீடு நம் மயிலாப்பூரில் ஒன்றாவது இருக்குமா? சந்தேகம்தான்! ஆனால் விளையாட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று திட்டுபவர்களுக்கும் தெரியாது, விளையாடுகிற நம்மில் பலரும் யோசிப்பதில்லை. அதில் எனக்குப் பிடித்த ஒரே ஒரு விஷயத்தை இங்கே விளக்குகிறேன். அதன் பெயர் 'கிராஃப்டிங்'.

கிராஃப்டிங் என்றால் என்ன?

பல விளையாட்டுகளில் வாள் வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கலாம். கிராஃப்டிங் உள்ள விளையாட்டில் அப்படி இல்லை. மரம், கல், இரும்பு என்று பொருள்களை நாமே சேகரித்து, நாமே சேர்த்து, வேண்டியதை நாமே செய்துகொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம், 2011 நவம்பரில் முழுமையாக வெளியான மைன்கிராஃப்ட். ஆரம்பத்தில் நம் கையில் ஒன்றுமே இருக்காது. ஒரு மரக்கட்டையிலிருந்து 4 பலகை கிடைக்கும். 4 பலகை சேர்த்தால் ஒரு வேலை மேசை. 2 பலகையில் 4 குச்சி. 3 பலகையும் 2 குச்சியும் சேர்ந்தால் ஒரு பிக்காசு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மேசைக்கு 4, குச்சிக்கு 2, பிக்காசுக்கு 3, ஆக மொத்தம் 9 பலகை. மூன்று மரக்கட்டை இருந்தால் போதும், 3 பலகை மிச்சம்கூட ஆகும்!

மரப் பிக்காசு இருந்தால்தான் கல் கிடைக்கும். கல் பிக்காசு இருந்தால்தான் இரும்பு. 8 கல்லை வைத்து அடுப்பு கட்டி இரும்பை உருக்கி, அதில் பிக்காசு செய்தால்தான் வைரம். மரப் பிக்காசு 59 தடவையில் உடைந்துவிடும், இரும்பு 250 தடவை தாங்கும், வைரமோ 1,561 தடவை. அதனால் "அடுத்ததைச் செய்யணும்" என்ற ஆசையை யாரும் நமக்கு ஊட்ட வேண்டியதில்லை, தானாகவே வந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேசையில் மூன்றுக்கு மூன்று என ஒன்பது கட்டங்கள். மேல் வரிசையில் மூன்று பலகை, அதன் நடுவிலிருந்து கீழே இரண்டு குச்சி. பார்க்கவே பிக்காசு மாதிரி இருக்கிறதல்லவா? மனப்பாடம் பண்ணவே வேண்டாம்!

நல்லது எது, சப்பை எது?

சில விளையாட்டுகளில், "8 இலை, 5 கல், 10 தோல் கொண்டு வா, பட்டனை அழுத்து" என்று மட்டும் இருக்கும். அது கிராஃப்டிங் இல்லை, மளிகைக் கடைச் சீட்டு! நான் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன்:

1. செய்த பொருள் புதிதாக ஒரு வழியைத் திறக்கிறதா?
2. சேர்க்கும் முறையில் ஒரு காரணம் இருக்கிறதா?
3. தப்பாகச் சேர்த்தால், ஏன் தப்பு என்று புரிகிறதா?

மூன்றுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தால் அது நல்ல கிராஃப்டிங்.

நம் சமையலறையே ஒரு விளையாட்டு!

சமைப்பதும் கிராஃப்டிங்தான். 2023 ஜூலையில் 'வெண்பா' என்று ஒரு விளையாட்டு வந்தது. பெயரே தமிழ்! கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் செய்தது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு என்ற பரிசும் வாங்கியது.

கதை இதுதான். வெண்பா, தன் கணவர் பாவலனோடு கனடாவில் குடியேறியவர். அவரிடம் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போனதை நாம் கண்டுபிடிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும்? புட்டுக் குழலில் எதை முதலில் போடுவது? இவைதான் புதிர்கள். தப்பாகச் செய்தால் எதிரி வந்து அடிக்க மாட்டான், இட்லி வேகாது, அவ்வளவுதான்!

ஆனால் அவர்கள் மகன் கவினுக்கு, வளர்ந்த பிறகு அந்தப் புத்தகத்தின் தமிழ் சரளமாகப் படிக்க வராது. புத்தகம் கையில் இருக்கிறது, பாதி புரியவில்லை. அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

"நிஜ அடுப்புல செய்யாம ஸ்கிரீன்ல இட்லி ஊத்தி என்னடா பிரயோஜனம்?" என்று என் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. மாவு பொங்கியிருக்கிறதா என்பதைத் தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும், அதை எந்த ஸ்கிரீனும் கற்றுத்தராது. ஆனால் 'ஏன் இப்படிச் செய்யணும்?' என்று கேட்கிற பழக்கத்தை அது தருகிறது. அது சின்ன லாபமா?

நம் வீட்டு காபி ஃபில்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். பொடியை லேசாக அழுத்தாவிட்டால் வெந்நீர் சரசரவென்று இறங்கி டிகாக்ஷன் தண்ணியாகிவிடும். ரொம்ப அழுத்தினாலோ சொட்டவே சொட்டாது! இந்தப் பக்குவம் எந்த டப்பாவிலும் அச்சடித்து வருவதில்லை, அம்மா கையிலும் பாட்டி கையிலும் இருக்கிறது. மைன்கிராஃப்டின் கம்ப்யூட்டர் பதிப்பில்கூட 2017 வரை செய்முறைப் புத்தகம் கிடையாது. தெரிந்தவர் சொல்லித்தான் தெரியாதவர் கற்றுக்கொண்டார். சொல்ல ஆள் இருந்தார், கேட்கவும் ஆள் இருந்தார். நம் வீட்டில் சொல்ல ஆள் இருக்கிறார். கேட்க?

ஒரு சின்னப் போட்டி!

உங்கள் வீட்டில் செய்யும் ஏதாவது ஒரு பொருள்: வடாமோ, ஊறுகாயோ, பூச்சரமோ, கோலமோ. பெரியவர்களிடம் கேட்டு, என்னென்ன வேண்டும், எது முதலில், ஏன் அப்படி என்று ஒன்பது கட்டத்தில் வரைந்து வாருங்கள். 'ஏன்' என்ற கட்டம் காலியாக இருந்தால் மார்க் கிடையாது! வருகிற படங்களை எல்லாம் இதே சுவரில் ஒட்டலாம்.



– பதினோராம் வகுப்பு மாணவன்