படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்திட்ட வாஷிங்டன்

ஜார்ஜ் வாஷிங்டன் முதலில் பார்த்தது நில அளவை வேலை. 1749-இல், 17 வயதில், பிரிட்டிஷ் காலனியான வர்ஜீனியாவில் சர்வேயர் ஆனார்.

ஒஹையோ ஆற்றுப் பகுதிக்காகப் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரர்களும் மோதியபோது, வர்ஜீனியா படையை நடத்தியவர் அவர்தான். 1754 ஜூலை 3, கொட்டும் மழை. பதுங்குகுழிகளில் தண்ணீர், வெடிமருந்து நனைந்துபோனது. 22 வயது வாஷிங்டன் சரணடைந்தார். பிரெஞ்சு மொழியில் இருந்த சரண் பத்திரத்தை அவரால் படிக்க முடியவில்லை. பிரெஞ்சு அதிகாரி ஜுமோன்வில்லைப் 'படுகொலை' செய்ததாக அதில் எழுதியிருந்தது! மொழிபெயர்த்தவர் அப்படிச் சொல்லவில்லை என்பதே பின்னர் வாஷிங்டன் தந்த விளக்கம்.

அடுத்த ஆண்டுப் போரில் இரண்டு குதிரைகள் சுடப்பட்டன. அவரது கோட்டை நான்கு குண்டுகள் துளைத்தன. உடம்பில் காயமில்லை.

ஆனாலும் அவர் ஆசைப்பட்ட பிரிட்டிஷ் ராணுவப் பதவி மட்டும் கிடைக்கவே இல்லை. காலனிப் படை அதிகாரி என்றால் அவர்களுக்கு இளக்காரம்தான். 1758-இல் விலகி, பண்ணைக்குத் திரும்பினார். 1775-இல் அதே பிரிட்டனை எதிர்த்த படைக்குத் தளபதியானார்.