உழவு இயந்திரப் பட்டறையிலிருந்து உலகப் புகழுக்கு: மாத்தளை கற்க வேண்டிய பாடம்

லம்போர்கினி என்ற பெயரைக் கேட்டதும் செல்வந்தர்களின் ஆடம்பரமும், மின்னலெனப் பாயும் வேகமும், எமது வாழ்நாளில் நெருங்க முடியாத விலையுமே எம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. எமது இளைஞர்களின் கைத்தொலைபேசித் திரைகளிலும், முச்சக்கர வண்டிகளின் பின்புற ஓவியங்களிலும் அந்தக் கார் இடம்பிடித்திருக்கின்றது. ஆயினும் அந்தப் பெயருக்குரிய மனிதர் முதலில் தயாரித்தது கார் அல்ல, உழவு இயந்திரமே என்பதைப் பலர் அறிந்திருக்க நியாயமில்லை. 2023 ஆம் ஆண்டில் தனது அறுபதாவது ஆண்டு நிறைவைக் கொண்டாடிய அந்நிறுவனத்தின் வரலாறு, வயலையும் தோட்டத்தையும் நம்பி வாழும் மாத்தளை போன்ற ஒரு மாவட்டத்துக்கு நேரடியாகவே சொல்லும் செய்திகள் சில உண்டு. அவற்றை எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெருச்சியோ லம்போர்கினி 1916 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வட இத்தாலியின் ரெனாட்சோ என்னும் சிற்றூரில் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தவர். பெற்றோர் திராட்சைத் தோட்டத்தில் பாடுபட்டவர்கள். மகனின் மனமோ மண்ணைவிட, மண்ணை உழும் இயந்திரத்திலேயே ஊன்றியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ரோட்ஸ் தீவில் இத்தாலியப் படையின் வாகனங்களைப் பழுதுபார்க்கும் பணி அவருக்குக் கிடைத்தது. உதிரிப்பாகம் கிடையாது, புதிய வாகனமும் வராது, இருப்பதைக் கொண்டு ஓட்டியாக வேண்டும் என்ற நிலையே அவரைத் தேர்ந்த திருத்துநராக்கியது எனலாம்.

போர் முடிந்து ஊர் திரும்பியவர் இரண்டு உண்மைகளைக் கண்டார். ஒருபுறம், பயிர்ச்செய்கையை மீண்டும் தொடங்க வேண்டிய விவசாயிகளிடம் இயந்திரங்கள் இல்லை. மறுபுறம், படைகள் கைவிட்டுச்சென்ற வாகனங்கள் குவிந்துகிடந்தன. இவ்விரண்டையும் இணைத்தே அவரது தொழில் பிறந்தது. பழைய இராணுவ வாகனங்களின் பாகங்களையும் மொறிஸ் என்ஜின்களையும் கொண்டு அவர் ட்ரக்டர்களை உருவாக்கினார். பெற்றோல் விலை விவசாயிக்குக் கட்டுபடியாகாத காலம் அது. எனவே பெற்றோலில் இயக்கத்தைத் தொடங்கிப் பின்னர் மலிவான டீசலுக்கு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடொன்றையும் அவர் அவற்றில் பொருத்தினார். 1948 ஆம் ஆண்டில் லம்போர்கினி ட்ரக்டர் நிறுவனம் உருவாகியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அது இத்தாலியின் குறிப்பிடத்தக்க விவசாய இயந்திர நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

கார் உற்பத்திக்கு அவர் வந்த விதம் பற்றி ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகின்றது. தாம் வாங்கிய பெராரி காரின் கிளச் அடிக்கடி பழுதடைவதைக் கண்டு அதனைக் கழற்றிப் பார்த்தாராம். தமது ட்ரக்டரில் பொருத்தும் அதே வகைக் கிளச் அதிலும் இருந்ததாம். முறையிடச் சென்றபோது, ட்ரக்டர் செய்பவருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்ற தொனியில் என்சோ பெராரி பதில் கூறினார் என்பதே அக்கதையாகும். அந்த உரையாடல் எந்த அளவுக்கு அப்படியே நிகழ்ந்தது என்பதில் கருத்து வேறுபாடுகள் உள்ளன. எனினும், 1963 இல் சாந்த் அகத்தா பொலொனேசே என்ற விவசாயக் கிராமத்தில் அவர் கார்த் தொழிற்சாலையை ஆரம்பித்தது வரலாறு. 1966 இல் ஜெனீவா கண்காட்சியில் வைக்கப்பட்ட 'மியூரா' என்ற கார், பன்னிரண்டு சிலிண்டர் என்ஜினை ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் குறுக்காகப் பொருத்தியிருந்தது. அதிவேகக் கார்களின் அமைப்பையே அது மாற்றியது. அதனை உருவாக்கிய பொறியியலாளர்களான ஜியான்பாவ்லோ தல்லாராவும் பாவ்லோ ஸ்தன்சானியும், உருவம் கொடுத்த மார்செல்லோ கந்தினியும் அப்போது முப்பது வயதைக்கூட எட்டாத இளைஞர்களாயிருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. இத்தகைய தொழில்கள் ஏன் பெருநகரமொன்றில் தோன்றாமல், கோதுமையும் திராட்சையும் பாற்கட்டியும் விளையும் எமிலியா பிராந்தியத்தில் தோன்றின? பெராரி மரனெல்லோவிலும், மசராட்டி மொதெனாவிலும், டுகாட்டி மோட்டார் சைக்கிள் பொலோன்யாவிலும் வேரூன்றியுள்ளன. இவை யாவும் ஒன்றுக்கொன்று சில மணித்தியாலப் பயணத்துக்கு உட்பட்டவையே. விவசாய இயந்திரங்களைத் திருத்தும் பட்டறைகள் ஊருக்கு ஊர் இருந்தன. உலோகத்தை வார்ப்பவரும், தகட்டை அடித்து வளைப்பவரும், கடைசல் பிடிப்பவரும் அயலிலேயே வாழ்ந்தனர். அவர்களது பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பப் பாடசாலைகள் இருந்தன. என்சோ பெராரி தமது மறைந்த மகன் அல்பிரெடோவின் பெயரில் மரனெல்லோவில் வளர்த்த தொழிற்கல்வி நிலையம் பின்னர் அரச பாடசாலையாகி இன்றும் இயங்குகின்றது. ஆக, விவசாயம், பட்டறை, பாடசாலை ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்திலேதான் அந்தப் புகழ் விளைந்தது.

இனி மாத்தளைக்கு வருவோம். எமது மாவட்டமும் விவசாய மாவட்டமே. மிளகு, சாதிக்காய், கொக்கோ ஆகியவற்றின் விளைநிலம் இது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே அமைந்துள்ளது. 1999 இல் திறக்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு நாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் லொறிகள் வந்துபோகின்றன. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி மாவட்டத்தை ஊடறுத்துச் செல்கின்றது. 1880 ஆம் ஆண்டிலேயே புகையிரதம் மாத்தளையை வந்தடைந்தது. அதற்கும் முன்னர், மன்னார்க் கரையில் இறங்கிய எமது மூதாதையரான தோட்டத் தொழிலாளர்கள் காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தை ஊடாக நடந்து மலைநாட்டை அடைந்த பாதையும் இதுவேயாகும். பயணமும் பாரமும் சக்கரமும் இம்மண்ணின் வரலாற்றில் ஊறியவை. மாசி மகத்தில் ஸ்ரீ முத்துமாரியம்மனின் பஞ்சரதங்கள் நகர வீதிகளில் உருண்டோடும் காட்சியைக் காண்பவர் எவரும் இதனை மறுக்கமாட்டார்.

இந்தச் சக்கரங்களை ஓடவைப்பவர்கள் யார்? மாத்தளை, உக்குவளை, இரத்தோட்டை, கலேவெல, தம்புள்ளை ஆகிய இடங்களின் வீதியோரக் கராஜ்களில் கரிபடிந்த கைகளுடன் உழைக்கும் திருத்துநர்களே. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற பேதமின்றி ஒரே லொறியின் அடியில் படுத்து வேலை செய்யும் தொழில் இது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில் நீக்கப்படும் வரையான ஐந்தாண்டு காலத்தில், நாட்டின் பழைய வாகனங்களை ஓடவைத்தவர்கள் இவர்களே. உதிரிப்பாகம் கிடைக்காதபோது கடைசல் பிடித்தும், ஒரு வாகனத்தின் பாகத்தை இன்னொன்றுக்குப் பொருந்தச் செய்தும் அவர்கள் காட்டிய திறமை, ரோட்ஸ் தீவில் அந்த இத்தாலிய இளைஞர் காட்டிய திறமைக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அவரது திறமை நிறுவனமாயிற்று; எமது திருத்துநர்களின் திறமை அவர்களது கைகளோடு முடிந்துபோகின்றது. வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் எமது இளைஞர்களுள் பலர் பத்து ஆண்டு அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாத காரணத்தால் சாதாரணத் தொழிலாளர் சம்பளத்துக்கே அமர்த்தப்படுகின்றனர். ஊரிலோ, கராஜில் வேலை செய்பவர் என்றால் படிப்பு ஏறாதவர் என்ற ஏளனமே எஞ்சுகின்றது. ஆயுத பூசையன்று கருவிகளுக்குப் பொட்டிட்டு வணங்கும் சமூகமும், இரும்பை வசப்படுத்திக் கவசம் செய்த தாவூத் நபி (அலை) அவர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சமூகமும் கைத்தொழிலாளியை இவ்வாறு தாழ்த்தி மதிப்பது வேதனைக்குரிய முரண்பாடாகும்.

லம்போர்கினியின் வரலாற்றில் இன்னொரு பாடமும் உண்டு. வெற்றி நிலைக்கவில்லை. 1970களின் ஆரம்பத்தில் ட்ரக்டர் வியாபாரம் சரிந்தது. 1972 இல் கார் நிறுவனத்தின் பெரும்பங்கையும், பின்னர் எஞ்சிய பங்கையும் பெருச்சியோ விற்றார். ட்ரக்டர் நிறுவனமும் 1973 இல் கைமாறியது. அவர் அம்பிரியாப் பகுதிக்குச் சென்று மீண்டும் திராட்சைத் தோட்டக்காரராகி, 1993 இல் காலமானார். கார் நிறுவனம் 1978 இல் வங்குரோத்து நிலையை அடைந்தது. அதன் பின்னர் அமெரிக்காவின் கிரைஸ்லர், இந்தோனேசிய முதலீட்டாளர்கள் எனப் பல கைகள் மாறி, 1998 இல் ஜேர்மனியின் அவுடி நிறுவனத்தின் கீழ் வந்தது. இத்தனைக்கும் மத்தியில் அதே கிராமத்தில், அதே தொழிற்சாலையில் உற்பத்தி தொடர்ந்தது. உரிமையாளர்கள் மாறினர், தொழிலறிந்த கைகள் ஊரிலேயே இருந்தன. 2023 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வரலாற்றில் முதற்தடவையாகப் பத்தாயிரத்துக்கும் அதிகமான கார்களை விற்பனை செய்தது.

அதே நிறுவனம் 2015 இல் பழைய கார்களுக்கென்று தனிப் பிரிவொன்றை ஏற்படுத்தியது. பழைய வரைபடங்கள், உற்பத்திப் பதிவேடுகள், புகைப்படங்கள் ஆகியவற்றைத் திரட்டிப் பாதுகாத்தல், பழைய கார்களைத் திருத்தி அவற்றின் உண்மைத்தன்மையைச் சான்றுப்படுத்துதல், உதிரிப்பாகங்களை மீண்டும் தயாரித்தல் என்பன அதன் பணிகளாகும். பாரம்பரியத்தைக் கொண்டாடுதல் என்பது மேடையேறிப் புகழ் பாடுவதல்ல. செய்முறையை எழுதிவைத்து, அடுத்தவர் கையில் ஒப்படைப்பதே உண்மையான கொண்டாட்டம் என்பதை இது உணர்த்துகின்றது.

எழுதிவைத்தலின் அருமையை மாத்தளைக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. நகரிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள அலுவிகாரையிலேதான், வாய்வழியாக மட்டும் வழங்கிவந்த பௌத்த திரிபிடகம் கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்டதாக வரலாறு கூறுகின்றது. பஞ்சமும் போரும் அறிந்தவர்களை அழித்துவிட்டால் அறிவும் அழிந்துவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணமாயிற்று. இதே மாவட்டத்தின் ஹபுவிட கிராமத்தில் நகத்தினால் அரக்கு இழைத்து வண்ணவேலை செய்யும் கலை தலைமுறைகளைக் கடந்து நிற்பதும், தந்தை மகனுக்கு அதனைக் கைமாற்றி வந்ததனாலேயே ஆகும்.

எமது நாட்டிலும் விவசாய இயந்திரத்தைச் சிந்தித்தவர்கள் இல்லாமலில்லை. பொறியியலாளர் ரே விஜேவர்தன 1950களில் 'லேண்ட்மாஸ்டர்' என்ற இருசக்கர உழவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் பரவலிலும் பங்குகொண்டவர். பிற்காலத்தில் அவரே, எருமை செய்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்ததால் மட்டும் விவசாயியின் வாழ்வு உயர்ந்துவிட்டதா என்ற கேள்வியை எழுப்பினார். இயந்திரம் விவசாயிக்குப் பணிசெய்ய வேண்டுமே தவிர, விவசாயி இயந்திரத்தின் கடனுக்குப் பணிசெய்யலாகாது. 2010 இல் காலமான அவரது பெயரை எமது பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர் என்பது சிந்திக்கத்தக்கது.

காலமும் காத்திருக்கவில்லை. 2023 இல் மின்கலமும் என்ஜினும் இணைந்த 'ரெவுவெல்தோ' என்ற காரை வெளியிட்ட லம்போர்கினி, அடுத்த ஆண்டுக்குள் தனது ஏனைய வகைகளையும் அவ்வழிக்கே திருப்பியது. எமது வீதிகளிலும் ஹைபிரிட் கார்கள் ஏற்கனவே ஓடுகின்றன. மின்சார வாகனங்களும் வரத்தொடங்கியுள்ளன. உயர் மின்னழுத்த மின்கலங்களைக் கேள்வி ஞானத்தால் கையாள்வது உயிராபத்தானது. பழைய அறிவைப் பாதுகாப்பதும் புதிய அறிவைப் பெறுவதும் ஒரே பணியின் இரு பகுதிகள் என்பதைத் தொழில்துறையினர் உணர்தல் வேண்டும்.

செய்யக்கூடியவை பெரும் செலவை வேண்டுபவை அல்ல. அனுபவத்தின் அடிப்படையில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறும் வாய்ப்பு ஏற்கனவே நடைமுறையில் உள்ளது. முன்னரே கற்ற திறனைச் சோதித்து ஏற்றுக்கொள்ளும் இந்த முறையைக் கராஜ்களின் வாசலுக்கே, தமிழ்மொழி மூலம், எடுத்துச்செல்ல உரிய அதிகாரசபைகள் முன்வர வேண்டும். 2013 இல் உயர்தரத்தில் அறிமுகமான தொழில்நுட்பத் துறையை எமது தமிழ், முஸ்லிம் பாடசாலைகள் கடைசிப் புகலிடமாகக் கருதாமல், முதல் தெரிவாக மாணவர் முன் வைக்க வேண்டும். அனுபவமிக்க திருத்துநர்களைப் பாடசாலைக்கு அழைத்து அவர்களது செய்முறைகளை மாணவர்களைக் கொண்டு எழுத்திலும் ஒளிப்பதிவிலும் பதியச் செய்யலாம். கோயில் அறங்காவலர் சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வரவிருக்கும் மாணவர்களுக்கு வழங்கும் உதவியில் ஒரு பங்கை, தொழிற்பயிற்சி பெறும் மாணவர்களுக்கும் ஒதுக்கலாம்.

எமது கராஜ்களிலிருந்து நாளையே ஓர் உலகப் புகழ்பெற்ற கார் புறப்பட்டு வரும் என்று நாம் சொல்லவில்லை. மிளகு பிரிக்கும் இயந்திரம், சிறு தோட்டக்காரருக்கு ஏற்ற உழவுக்கருவி, மலைச்சரிவில் மரக்கறி மூட்டையை இறக்கும் எளிய சாதனம் ஆகியவற்றை அவர்களால் நிச்சயம் படைக்க முடியும். ரெனாட்சோவின் விவசாயி மகனும் தன் அயலவரின் வயலுக்குத் தேவையானதைச் செய்வதிலிருந்தே தொடங்கினார். மாத்தளையின் இளைஞர்களும் அங்கிருந்தே தொடங்கலாம். அதற்கான மதிப்பையும் சான்றிதழையும் வாய்ப்பையும் வழங்குவது அரசினதும் எமது சமூகங்களினதும் கடமையாகும்.