மூன்றே நாளில் மூட்டுவலி போனால் சந்தேகப்படுங்கள்

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலும் வாட்ஸ்அப்பிலும் மூட்டுவலிக்கென்று விற்கும் பொடிகளில் சில உண்மையிலேயே வேலை செய்கின்றன. சிக்கலே அதுதான். மாடிப்படி ஏற முடியாமல் கிடந்தவர் மூன்றாம் நாளே விறுவிறுவென நடக்கிறார். நன்றாகப் பசிக்கிறது, முகம்கூடப் பூரித்துவிடுகிறது. ‘மருந்து நல்லாக் கேக்குது’ என்று சொந்தபந்தமெல்லாம் வாங்க ஆரம்பிக்கிறது. ஆனால் சுக்கோ முடக்கத்தானோ இந்த வேகத்தில் கேட்காது. கேட்கிறதென்றால், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டையோ டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையையோ பொடித்துக் கலந்திருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். நம்மூரில் மட்டும் நடக்கும் வித்தையல்ல இது. ‘ஆர்ட்ரி கிங்’ என்ற பெயரில் அமெரிக்காவில் விற்ற சத்து மாத்திரையில் இந்த இரண்டுமே சொல்லாமல் கலந்திருந்ததை அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் கண்டுபிடித்து மக்களை எச்சரித்தது.

மருத்துவர் அளந்து கொடுக்கும் ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. அளவு தெரியாமல் மாதக்கணக்கில் தின்றால் சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும், கண்புரை வரும். சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். அதனால், இதைப் படித்த கையோடு பொடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பல வாரங்கள் தின்றதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

வாதத்தைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றம். மருந்து, மந்திர நிவாரண விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள 54 நோய்களில் வாதமும் ஒன்று. இது சித்த வைத்தியத்துக்கு எதிரான சட்டம் அல்ல. வைத்தியம் பார்க்கலாம், ‘குணமாகும்’ என்று விளம்பரம் போட்டு விற்கக் கூடாது. முறையான சித்த, ஆயுர்வேத மருந்தின் லேபிளில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்மானங்களின் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். எட்டி, சேங்கொட்டை, பாதரசம் போன்றவை சேர்ந்த உள்மருந்தென்றால் மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கையும் வேண்டும். லேபிளில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் மட்டும் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அது மருந்தல்ல, உணவு. நோயைத் தீர்க்கும் என்று சொல்லிக்கொள்ள அதற்கு உரிமை இல்லை.

ஏமாந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். இழப்பீடு வேண்டுமென்றால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். வாங்கிய பொருளின் விலை 5 லட்சத்தைத் தாண்டாதவரை அங்கே கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் வழக்கு நிற்பது கஷ்டம். பில் தர மறுக்கும் கடையில் மருந்து வாங்குவானேன்?

இனி சமையலறை. மூட்டுவலி என்பது ஒரே நோயல்ல. ஒருவருக்கு நல்லது செய்யும் உணவு இன்னொருவருக்கு ஆகாது. மத்தி, கானாங்கெளுத்தி மீன்களில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு, முடக்குவாதக்காரர்களின் வலியையும் காலை நேர விறைப்பையும் ஓரளவு குறைக்கிறது. யூரிக் அமிலம் படிந்து கால் பெருவிரல் வீங்கும் கவுட் நோயாளிக்கோ அதே மத்தி வலியைக் கிளப்பிவிடலாம். நெத்திலி, ஈரல், பீர் ஆகியவையும் அப்படித்தான். பருப்பையும் கீரையையும் கண்டு அவர் பயப்படத் தேவையில்லை.

மஞ்சளைப் பற்றிய பேச்சில் பாதி உண்மை. ஆய்வுகளில் மூட்டுத் தேய்மான வலியைக் குறைத்தது குர்குமினைச் செறிவாக்கிய மாத்திரை. மஞ்சள் தூளில் குர்குமின் 3 சதவீதம் அளவுதான். அதிலும் உடம்பில் சேர்வது கொஞ்சம். மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் 20 மடங்கு சேர்கிறது என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். இந்தச் சேர்க்கையை மாத்திரையாக்கியபோது கல்லீரல் பாதிப்புகள் தெரியவர, ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரிக்கை விட்டது. குழம்பிலும் பாலிலும் போடும் மஞ்சளுக்கு அந்தப் பயம் இல்லை. மாத்திரையாக எடுப்பதென்றால், குறிப்பாக ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

முடக்கத்தானுக்கு வீக்கம் தணிக்கும் குணம் இருப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. தாராளமாகத் தோசை வார்க்கலாம். ஆனால் நாலு தோசைக்குப் பதில் இரண்டோடு எழுந்துவிட்டால் முட்டிக்குக் கிடைக்கும் நன்மை அதைவிடப் பெரிது என்பது என் கட்சி. உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் இறங்கும் சுமை 4 கிலோ குறைகிறது. தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிக்கும் செலவில்லை. நொச்சி ஒத்தடம் இதமாக இருக்கும், செய்யலாம்.

இதையெல்லாம் செய்து பார்த்துக்கொண்டே காத்திருக்கக் கூடாத இடங்களும் உண்டு. காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சிவந்து கொதித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் மடக்க முடியாமலிருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். அரித்துப்போன மூட்டு திரும்ப வளராது என்பதால் முதல் சில மாதங்கள் முக்கியம். அதற்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுவது. தினசரி மாத்திரை என்று நினைத்து விழுங்கினால் ரத்த அணுக்கள் சரிந்து உயிர் போகலாம். எந்தக் கிழமை என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.