மதுவத்தைக் கொல்லும் நஞ்சு

மன்னார்த் தீவிலே பனை சீவுவோர் முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவுவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்குவது கருப்பணி. தடவாததில் இறங்குவது கள். பாளைச் சாற்றின் வெல்லத்தை உண்டு அதனை அற்ககோலாக்கும் நுண்ணுயிர் மதுவம். சுண்ணாம்பின் காரம் அதனை வளரவொட்டாது தடுக்கின்றது.

ஆயின், மதுவத்துக்கு மதுவமே பகையாவதும் உண்டு. சில மதுவ வகைகள் தம்மருகே வளரும் பிற மதுவங்களைக் கொல்கின்றன என்பதை 1963ஆம் ஆண்டில் பெவன், மாக்கோவர் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். அந்த நஞ்சு மதுவத்தின் சொந்தச் சொத்தன்று என்பது பின்னரே புலனாயிற்று. மதுவக் கலத்தினுள் இரண்டு வைரசுகள் குடியிருக்கின்றன. ஒன்று இரண்டுக்கும் வேண்டிய புரத உறையை அளிக்கின்றது. மற்றது நஞ்சுக்கான செய்தியைச் சுமக்கின்றது. குடியிருப்பவர் வாடகைக்குப் பதிலாக வீட்டுக்காரருக்கு வாள் ஒன்று கொடுத்தது போல என்று, கலை பயின்ற நான் மாணவருக்குச் சொல்வதுண்டு. விஞ்ஞான ஆசிரியர் முகஞ்சுளிப்பார்!

கே-1 என்னும் நஞ்சு தொழிற்படும் முறை நுட்பமானது. முதலில் அது பகைக் கலத்தின் சுவரிலுள்ள குளுக்கான் என்னும் பல்சக்கரைட்டைப் பற்றிக்கொள்ளும். பின்னர் உள்ளேயுள்ள மென்சவ்வை அடைந்து அதில் துளையிடும். துளை வழியே பொற்றாசியம் முதலியன ஒழுகிப்போகக் கலம் மடியும். நஞ்சை ஆக்கும் கலம் மட்டும் தப்புவது எங்ஙனம்? நஞ்சாக முதிருமுன் உள்ள அதே புரதமே அதற்குக் காப்பாகின்றது. வைரசை இழந்த கலம் அக்காப்பையும் இழந்துவிடும்.

இதில் மருத்துவர் நாட்டங்கொள்ளக் காரணமுண்டு. பங்கசின் கலம் பலவகையிலும் நமது கலத்தை ஒத்தது. ஆதலால் ஒன்றைக் கொன்று மற்றதைக் காக்கும் மருந்து காண்பது அரிது. நமது கலத்துக்கு இல்லாத சுவரையே இந்நஞ்சு முதலிற் பற்றுகின்றது. எனினும் இதனை அப்படியே ஊசி வழி ஏற்றுதல் இயலாது. பீ.எச். 4.6 அளவான புளிப்பிலும் குளிர்ச்சியிலுமே இது வீரியத்தோடிருக்கும். நமது குருதியோ 7.4, உடற்சூடு 37 பாகை. மன்னாரின் வெயிற் சூடேறிய கள் முட்டியிற்கூட இதன் வலிமை குன்றவே செய்யும்.

ஆகவே முழுப் புரதத்தை விடுத்து, அதன் வேலையைச் செய்யும் சிறு துண்டைத் தேடுகின்றனர். இத்தாலியின் பார்மா நகரில் பொலொனெல்லி குழுவினர், வேறொரு மதுவத்தின் கொல்நஞ்சை ஒத்துத் தொழிற்படும் பிறபொருளெதிரி ஒன்றிலிருந்து பத்தே அமினோவமிலங்கள் கொண்ட பெப்தைட்டு ஒன்றை வடித்தெடுத்தனர். அதுவும் குளுக்கானையே பற்றுகின்றது. கண்டிடா என்னும் பங்கசு தொற்றிய விலங்குகளில் அது பயன் தந்தமையை 2003ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர்.