யாருடன் யார் மோதுவது?

விளாத்திகுளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் போட்டி என்று வைத்துக்கொள்வோம். புதூர், வேம்பார், எட்டயபுரம் எனச் சுற்றுவட்டாரத்திலிருந்து 32 பேர் வந்திருக்கிறார்கள். பலகைகள் 16. ஆளுக்கு 15 நிமிடம் என்றால், ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம்.

நாக் அவுட் முறையில் 5 சுற்று, 31 ஆட்டங்களில் சாம்பியன் கிடைத்துவிடுவார். ஆனால் காலையில் பஸ் ஏறி வந்த 16 பேர் முதல் அரை மணியிலேயே வெளியேறிவிடுவார்கள். சிறந்த இருவர் முதல் சுற்றிலேயே மோதினால், ஒருவருக்கு இரண்டாம் இடம்கூடக் கிடைக்காது.

எல்லோரும் எல்லோருடனும் ஆடும் லீக் முறை நியாயமானது. 2024இல் டொரண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் 8 பேர், ஒருவரோடொருவர் இருமுறை வீதம் 14 சுற்றுகள் ஆடினார்கள். குகேஷ் 9 புள்ளிகளுடன் வென்றார். எட்டுப் பேருக்கு அது பொருந்தும். 32 பேருக்கோ 31 சுற்றுகள், 496 ஆட்டங்கள்! ஆடும் நேரமே பதினைந்தரை மணி.

இந்தச் சிக்கலுக்கு 1895இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரப் போட்டியிலேயே விடை கிடைத்தது. அதுதான் சுவிஸ் முறை. இதில் தோற்றவரும் வெளியேறுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சம புள்ளி அல்லது ஏறக்குறைய சம புள்ளி எடுத்தவர்கள் மோதுவார்கள். ஒருமுறை ஆடிய இருவர் மறுபடி சந்திப்பதில்லை. சுற்று ஏற ஏற, அவரவர் திறனுக்கு ஏற்ற எதிராளி அமைவார்.

2022இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடின் பொதுப் பிரிவில் 188 அணிகள் ஆடின. லீக் என்றால் 187 சுற்றுகள் தேவைப்பட்டிருக்கும். நாக் அவுட் என்றால் இரண்டே சுற்றில் 124 அணிகள் வெளியேறியிருக்கும். சுவிஸ் முறையிலோ 11 சுற்றுகளில் முடிந்தது. கடைசி நாள்வரை எல்லா அணிகளும் களத்தில் இருந்தன.

இதற்கும் ஒரு குறை உண்டு. அங்கே உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் 19 புள்ளிகளுடன் சமநிலையில் நின்றன. எதிர்கொண்ட அணிகளின் வலிமையையும் சேர்த்துப் பார்க்கும் டைபிரேக் கணக்கில்தான் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது.

விளாத்திகுளத்துக்கு 7 சுற்று சுவிஸ் நன்றாகப் பொருந்தும். 112 ஆட்டங்கள்; சாப்பாட்டு இடைவேளையோடு மாலைக்குள் பரிசளித்துவிடலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏழு ஆட்டம். சமநிலை வந்தால் எந்தக் கணக்கில் இடம் பிரிப்பது என்பதை மட்டும், முதல் சுற்றுக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிவிட வேண்டும்.