எஞ்சினின் வெப்பமும் ஏறுவழிப் பயணமும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் செம்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர் நினைவும் உடன் வந்துவிடும். முன்னாளில் தாதர் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளுடன் ரயிலேறுவதே வழக்கமாயிருந்தது. இன்றோ சொந்தக் காரிலேயே திருநெல்வேலிக்கும் தஞ்சைக்கும் புறப்படுகிறவர் பலர். விடியலில் கிளம்பி, வாஷிப் பாலத்தையும் பன்வேலையும் கடந்தால், சற்று நேரத்தில் கண்டாலா மலைப்பாதை எதிர்ப்படும். மும்பை–புனே விரைவுச்சாலை 2002-ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்டபின் பயணம் எளிதாயிற்று என்பது உண்மையே. ஆயினும் மலை மலைதான். கோப்போலியின் தாழ்நிலத்திலிருந்து, கடல்மட்டத்துக்கு 600 மீட்டர் மேலுள்ள லோனாவாலாவுக்கு வண்டி ஏறியே தீரவேண்டும். விடுமுறைக் காலத்து நெரிசலில், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாய் நிற்கும் கார்களைக் காணாமல் அவ்வழியைக் கடப்பது அரிது.

இரண்டாண்டுகளுக்கு முன் அவ்வாறு நின்றவற்றுள் என் காரும் ஒன்று. சித்திரைக் கொடைக்கு ஊர் போய்ச் சேரவேண்டும் என்று குடும்பத்தோடு புறப்பட்டிருந்தோம். பாதி மலையில் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. பிளாஸ்டிக் கருகும் நாற்றமும் எழுந்தது. இறங்கி, பானெட்டைத் திறந்து, ஈரத்துணியைச் சுற்றி மூடியைத் திருகக் கை நீட்டினேன். பின்னால் ஒதுங்கி நின்ற நாமக்கல் லாரியிலிருந்து ஒரு குரல்: “ஐயா, மூடியிலே கை வைக்காதீங்க! முகமே வெந்துபோயிடும்!” ஓட்டுநர் ஓடிவந்து என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த ஒரு சொல் என்னைக் காத்தது. அன்று மாலை கார், இழுவை வண்டியின் பின்னே செம்பூருக்கே திரும்பியது. கொடைக்கு நாங்கள் போய்ச் சேரவில்லை.

நிகழ்ந்தது என்ன என்பதை விளக்கினால் நேயர்களுக்குப் பயன்படும் எனக் கருதியே இதனை எழுதுகிறேன்.

டர்போ என்பது யாது?

பெட்ரோலை எரித்துப் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாய் வீணாகிறது. வீணாகும் அப்புகையைக் கொண்டே ஒரு சிறு சுழலியை ஓட்டி, அதன் வலிமையால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் புகுத்தலாம் என்று கண்டவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் ப்யூக்கி. 1905-இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாய் எரியும். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும்.

ஆனால் வலிமையோடு வெப்பமும் வரும். பெட்ரோல் காரில் சுழலியைத் தாக்கும் புகை 900 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடும். சுழலியின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலும். அழுத்தப்பட்ட காற்றும் 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். அதனைக் குளிர்விக்கவே முன்புறத்தில் ‘இன்டர்கூலர்’ என்னும் கருவி அமைந்துள்ளது.

இவ்வெப்பத்தை ஆள்வது வல்லுநர்க்கும் எளிதாயிருக்கவில்லை. 1962-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், டர்போ பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் கார்களுள் ஒன்று. அதன் எஞ்சினுக்குள் வெப்பந் தணிக்க நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் தெளிக்கப்பட்டது. உரிமையாளர் பலர் அதை நிரப்ப மறந்தனர். வண்டிகள் தொல்லை கொடுத்தன. இறுதியில் டர்போவையே கழற்றித்தர நிறுவனம் முன்வர நேர்ந்தது. கருவி எத்துணைச் சிறந்ததாயினும் பராமரிப்பவர் கவனம் இன்றேல் பயனில்லை என்பதற்கு இது சான்று.

பழைய வண்டியும் புதிய வண்டியும்

நமக்கு அண்மையிலுள்ள குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினியின் பானெட்டைத் திறந்தவர்க்கு நினைவிருக்கும். உள்ளே கை நுழைத்து வேலை செய்ய வேண்டிய இடம் இருந்தது. காற்றும் தாராளமாய் உலவிற்று. இன்றைய டர்போ காரிலோ எஞ்சினைச் சுற்றி விரல் நுழையவும் இடமில்லை. கொதிக்கும் சுழலிக்குச் சில அங்குலத் தொலைவிலேயே ரப்பர்க் குழாய்களும் மின்கம்பிகளும் செல்கின்றன. அவற்றுக்கிடையே அரணாய் நிற்பது மெல்லிய உலோகத் தகடு ஒன்றே.

என் காரில் அத்தகடு கடகடவென ஒலித்தது. பழுதுபார்க்கும் இடமொன்றில் விட்டேன். ஒலி நின்றுவிட்டது என்றார்கள். மகிழ்ந்து பணம் கொடுத்தேன். தகட்டையே கழற்றி எறிந்துவிட்டார்கள் என்பது மலையில்தான் தெரிந்தது. பக்கத்துக் குழாய் வெந்து விரிய, குளிர்நீர் கசிந்து போயிற்று. ஆகவே தகடு ஒலித்தால் அதனை இறுக்கச் சொல்லுங்கள். அல்லது மாற்றச் சொல்லுங்கள். கழற்ற விடாதீர்கள். எஞ்சினின் அடியிலுள்ள மூடுபலகையும், விசிறியைச் சுற்றிய உறையும் அத்தகையனவே. காற்றை வேண்டிய இடத்துக்குச் செலுத்துபவை அவை.

செய்யத்தக்கன

மலையேற்றத்தில் எஞ்சின் முழு வலிமையுடன் உழைக்கிறது; வண்டியோ மெல்ல நகர்கிறது. எதிர்க்காற்று குறைவதால் விசிறி ஒன்றே துணை. முள் ஏறக் கண்டால் உடனே ஏ.சி.யை நிறுத்துக. அதன் வெப்பக்கூடு ரேடியேட்டருக்கு முன்னே அமர்ந்து தன் சூட்டையும் சேர்க்கிறது. சன்னல்களைத் திறந்து ஹீட்டரை முழுமையாய் இயக்கினால், அது இன்னொரு சிறு ரேடியேட்டராய் உதவும். வியர்த்தாலும் பொறுத்துக்கொள்க. முள் இறங்காவிடில் ஓரங்கட்டி, எச்சரிக்கை விளக்கிட்டு, குடும்பத்தாரைச் சாலைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்துக.

மூடியைத் திறத்தல் கூடவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதியாதிருக்கிறது. மூடி தளர்ந்த நொடியே அது ஆவியாய்ச் சீறும். குக்கரின் மூடியை ஆவி அடங்குமுன் நம் இல்லத்தரசியர் திறப்பதுண்டோ?

மலை ஏறி முடித்து உணவகத்தில் நிறுத்தும்போது ஒரு நிமிடமேனும் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு நிறுத்துக. உடனே நிறுத்தினால் சுழலியின் தாங்கியில் தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகும். காலப்போக்கில் சுழலி பழுதாகும். நிறுத்தியபின்னும் விசிறி ஓடினால் அஞ்சவேண்டா. அது வண்டியின் தற்காப்பு.

புறப்படுமுன் குளிர்திரவத்தின் அளவை, எஞ்சின் ஆறியிருக்கையில் பார்த்துக்கொள்க. குழாய்நீரை ஊற்றுவது உப்புப் படியவும் உலோகம் அரிக்கவும் வழிசெய்யும். கையேடு சொல்லும் எண்ணெயையே உரிய காலத்தில் மாற்றுக. செம்பூரின் தூசி ரேடியேட்டரின் இதழ்களை அடைத்துவிடுவதால் அதனை மென்மையாய்க் கழுவச் செய்க. எலிகள் எஞ்சினருகே கூடு கட்டிக் கம்பிகளைக் கடிப்பதும் நம் குடியிருப்புகளில் காண்பதே, அதையும் கவனிக்க.

இவ்வாண்டு நாங்கள் மீண்டும் புறப்பட்டோம். தகடு தன் இடத்தில் இருந்தது. ஏ.சி.யின்றி, வியர்வையோடு மலையேறினோம். லோனாவாலாவில் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினேன். இம்முறை கொடைக்கு முந்தின நாளே ஊர் சேர்ந்தோம்.