வீட்டுக்கு அடியில் ஓர் அறை

காந்திகிராமம், சின்னாளபட்டிப் பக்கம் வீட்டுக்கு அடியில் அறை வைத்துக் கட்டுவது அரிது. ஆனால் சிறுமலை அடிவாரத்தை ஒட்டிச் சரிவான மனை அமைந்துவிட்டால், பள்ளத்தை லாரி லாரியாக மண்ணடித்து நிரப்புவதைவிட அதையே அறையாக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஒரு பக்கம் திறந்திருப்பதால் வெளிச்சமும் காற்றும் வரும், தண்ணீரும் தேங்காது.

சமதளத்தில் முழுக்கத் தோண்டி இறக்குவது வேறு கதை. செம்மண்ணுக்குக் கீழே பல இடங்களில் சீக்கிரமே பாறை தட்டும். உடைக்கிற செலவு மட்டும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணில் ஊறி, பாறைக்குள் இறங்க வழியில்லாமல் அதன் மேலாகவே ஓடிவந்து உங்கள் சுவரில் முட்டும்.

ஆகவே, ஏற்கெனவே நிலவறை இருந்தாலும் முதல் கவனிப்பு ஈரத்துக்குத்தான். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்குப் பின்னால் ஈரம் இருந்தால் சுவர் கசிகிறது. முன்பக்கம் முத்து முத்தாகப் பூத்திருந்தால் அறைக்குள் காற்றோட்டம் போதவில்லை. முதல் வகைக்கு உள்ளே பெயின்ட் அடித்துப் பயனில்லை. வெளியிலிருந்து தண்ணீர் தள்ளத் தள்ள அது உரிந்துவிடும். மாடித் தண்ணீர்க் குழாயைத் தள்ளி விடுவது, சுவரோரத் தரையை வெளிப்பக்கம் சரிவாக்குவது, வெளிச்சுவரைத் தோண்டி வாட்டர்புரூஃபிங் செய்து, அடியில் ஜல்லியும் துளைக்குழாயும் பதிப்பது என்று எல்லாம் வெளியேதான்.

இரண்டாம் வகை நிலவறையின் குளுமையோடு கூடப் பிறந்தது. சில அடி ஆழத்துக்குப் போனால் மண்ணின் வெப்பம் சித்திரையிலும் அதிகம் ஏறாது. மழைக்காலத்து ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டதும் வியர்க்கும். குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவர்களுக்கு இது தெரியும்: மண்ணின் ஈரம் நூலுக்கு நல்லது, அறுந்துபோகாது, காலுக்கு ஆகாது. எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றில் கீழே காற்று வரத் திறப்பும், மற்றதில் மேலே எக்ஸாஸ்ட் ஃபேனும் வையுங்கள். திறப்புக்குக் கட்டாயம் வலை வேண்டும், பாம்பும் தேளும் குளுமையைத் தேடித்தான் வரும்.

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு நிலவறைக்குக் குறைந்தது 2.4 மீட்டர் உயரம் கேட்கிறது. அதன் கூரை சுற்றுத் தரையிலிருந்து 0.9 முதல் 1.2 மீட்டர் வரை மேலே இருக்க வேண்டும் என்கிறது. அந்த மூன்று, நான்கு அடிதான் ஜன்னலுக்கான இடம். உயரமே குறைவு என்பதால் ஃபால்ஸ் சீலிங் வேண்டாம், ஸ்லாபுக்கு வெள்ளை அடித்தாலே போதும். சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்கு டைல்ஸ் அல்லது ரெட் ஆக்சைடு. அலமாரிக்குக் கடப்பாக்கல் பலகை. பிளைவுட்டும் ஜிப்சம் போர்டும் கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம். ஒன்றைக் கரையான் தின்னும், மற்றது ஊறிப்போகும்.

தையல் மெஷின், உடற்பயிற்சி, பிள்ளைகள் டிவி பார்க்க, பண்டிகைப் பாத்திரங்கள் வைக்க எல்லாம் சரி. படுக்கையறை ஆக்காதீர்கள். கேஸ் சிலிண்டர் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கீழே போகக் கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் வெளியேறாமல் அங்கேயே படியும். ஜெனரேட்டரும் அப்படியே, அதன் புகையே ஆளைக் கொல்லும்.

2024 ஜூலை 27 அன்று டெல்லி பழைய ராஜேந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் நிலவறை நூலகத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பொருள் வைக்க அனுமதி வாங்கிய இடம் அது. அதனால் படிக்கட்டு வாசலில் ஓர் அடி உயரத் தடுப்பு, உயரத்தில் சுவிட்ச் போர்டு, ஆள் நுழையும் அளவு ஜன்னல் ஒன்று, இந்த மூன்றும் முடிந்த பிறகு விளக்கு என்ன நிறம், சோபா எங்கே என்று பேசுங்கள்.